ஆசை வரிசை

மே 8

ரிசல்ட். 600-க்கு 507. கணிதம் 95, இயற்பியல் 86, வேதியியல் 78. கட்-ஆஃப் 177. அறிவியல் பிரிவில் பள்ளியில் முதல்.

இங்கிலீஷ் 64. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சகாயராணி சைக்கிளைத் தெருவிலேயே படுக்கப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நான் பாஸுடீ கோத! 148 கட்-ஆஃப்!"

"பாஸாகாம எங்க போவ?"

"உனக்கு அதுல டவுட்டே வராது. எனக்குப் பன்னெண்டு வருசமா டவுட்டு."

அம்மா முந்திரிக் கம்பெனியிலிருந்து மதியமே வந்துவிட்டாள். உள்ளங்கை முழுக்கக் கருப்பு. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்ட கையால் தொட்டால் தோல் வெந்துபோகும், அதனால் புறங்கையால் என் கன்னத்தை ரெண்டு தேய் தேய்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் என்னை உள்ளங்கையால் தொட்டதே கிடையாது. அப்பா சிமெண்ட் லாரியோடு ஆந்திராவில் இருக்கிறார். போனில் "சந்தோசம்டா" என்றார். பின்னால் ஒரே ஹாரன்.

மே 9

அடுத்த தெரு நிரஞ்சன் வீட்டில் லட்டு கொடுத்தார்கள். டவுனில் பெரிய தனியார் பள்ளியில் படித்தவன். கட்-ஆஃப் 158. என்னைவிடப் பத்தொன்பது குறைவு.

"எந்த காலேஜ்டா?" என்று கேட்டேன்.

"கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் ட்ரை பண்றோம்."

158-ஐ வைத்துக்கொண்டு கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. 'ட்ரை பண்றோம்.' அந்த 'றோம்'தான் எரிச்சல். அப்பா, அம்மா, மாமா, டியூஷன் சார் எல்லோரும் சேர்ந்து ட்ரை பண்ணுகிறார்கள். எங்கள் தெருவில் அந்த வார்த்தையே கிடையாது. 'கிடைச்சாப் பாப்போம்' உண்டு. 'நமக்கெல்லாம் எங்க' உண்டு.

கிளம்பும்போது சொன்னான்: "உனக்கென்னப்பா, ஏழரை இருக்கு."

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டைச் சொல்கிறான். படிப்புச் செலவு, விடுதிச் செலவு எல்லாம் அரசாங்கம். ஆனால் சனி பிடித்த மாதிரி அதை 'ஏழரை' என்றுதான் சொல்வார்கள். உரிமைக்குக்கூட நல்ல பேர் வைக்க மாட்டார்கள்.

லட்டைச் சகாயராணிக்குக் கொடுத்துவிட்டேன். "கோவம் உனக்கு, லட்டு எனக்கு. இப்படியே போவட்டும்" என்றாள்.

ஜூன் 3

அம்மாவின் நைட்டிக்கு ஓரம் அடித்தேன். ரேஷன் கடையில் இரண்டு மணிநேரம். பாமாயில் இல்லை.

ஜூலை 11

ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் இன்ஜினியரிங். எல்லோரும் இரண்டாவது சுற்று. மூன்று நாள் அவகாசத்தில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாக ஆன்லைனில் பதிய வேண்டும். கடைசி நாள் ஐந்து மணிக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

தலைமையாசிரியை கூப்பிட்டு, "பூங்கோத, கம்ப்யூட்டர் லேப் சாவிய வாங்கிக்க. எங்க யாருக்கும் இந்த வெப்சைட்டு புரியல. நீயே எல்லாருக்கும் போட்டுக் குடுத்துடு" என்றார்.

சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் புரியவில்லையாம். தனியார் பள்ளியில் இதற்கென்றே ஆள் இருக்கிறார். இங்கே ஆள் நான்தான்.

போன வருடத்துக் கட்-ஆஃப் புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த ஒதுக்கீடு, எங்கே முடிந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஜூலை 26

முதல் நாள். ஒன்பது பேர், ஓடுகிற கணினி நான்கு, ஓடாத ஃபேன் இரண்டு.

பர்வீன் ஏற்கெனவே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். 161 கட்-ஆஃப். முதல் இடத்தில் மஞ்சள் பஸ் காலேஜ். பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தனியார் கல்லூரிக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அதன் பஸ் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிக்கும். யார் கேட்டாலும் இடம் கிடைக்கும்.

"இத ஏன்டீ மொதல்ல போட்ட?"

"கெடைக்காதத மேல எழுதுனா பேராசன்னு நெனைப்பாங்கல்ல."

"யாரு?"

"கம்ப்யூட்டர்ல பாக்கறவங்க."

எனக்கு வந்த கோபத்தில் போர்டில் போய் எழுதினேன். கம்ப்யூட்டர் மேலேயிருந்து கீழே படிக்கும். எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, அடுத்ததற்குப் போகும். ஆனால் சுலபமானதை மேலே வைத்தால் கீழே இருக்கிற நல்லது செத்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"பேராசைக்கு எடம் குடுத்தே இத செஞ்சிருக்காங்க. நாமளாத்தான் வேணாம்னு விட்டுட்டு வர்றோம்" என்றேன்.

பிறகு ஒரு சட்டம் போட்டேன். எல்லோருடைய பட்டியலிலும் முதல் மூன்று வரி 'ஆசை வரிசை'. கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்கக் கூடாது. அதற்குக் கீழேதான் 'நம்ம ரேஞ்சு'. கடைசியில் பாதுகாப்புக்கு ரெண்டு. ஆசை வரிசை காலியாக இருந்தால் நான் பட்டனை அழுத்த மாட்டேன்.

சகாயராணி எழுந்து நின்று, "எனக்கு கரண்ட்டு படிக்கணும், திருச்சி கவர்மெண்ட் காலேஜில" என்றாள். எலக்ட்ரிக்கலைத்தான் சொல்கிறாள். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அவள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூட மணியை ரிப்பேர் செய்கிறேன் என்று கைவைத்து, அது நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது.

"எழுதுடீ. ஒன்னாம் நம்பர்" என்றேன்.

148-க்குக் கஷ்டம்தான். எழுதினால் என்ன குறைந்துபோகும்?

மாலைக்குள் ஐந்து பேருக்கு முடிந்தது. என்னுடையதைக் கடைசியில் பதிந்தேன். மூன்று நிமிடம்தான் ஆனது.

ஜூலை 27

மீதி மூன்று பேருக்கும் பட்டியல் முடிந்தது. பூட்டுவதை நாளைக்கு வைத்திருக்கிறேன், யாராவது மனம் மாறினால் மாற்றிக்கொள்ளட்டும்.

பரமேஸ்வரி டீச்சர் லேபுக்கு வந்தார். வேதியியல் டீச்சர், நல்ல மனுஷி. திரையில் என் பட்டியல் திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "மொத எடம் பக்கத்துலயே போட்டுட்டியா? நல்ல முடிவும்மா. அம்மாவுக்கும் தொணையா இருக்கும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆம். நான் முதலில் போட்டது மஞ்சள் பஸ் காலேஜ். இது வேறு விஷயம். அவர்கள் பயத்தில் போட்டார்கள், நான் யோசித்துப் போட்டிருக்கிறேன். யதார்த்தம் என்று ஒன்று இருக்கிறது. அம்மா தனியாக இருப்பாள். அப்பா மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில். விடுதிச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது. சென்னையில் தண்ணீர் சரியில்லை. கணக்கு எங்கே படித்தாலும் கணக்குத்தான்.

செலவு ஒரு காரணமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏழரை அதையும் பிடுங்கிக்கொண்டது.

டீச்சர் தட்டிக்கொடுத்தபோது சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்தச் சந்தோஷத்தின் மேலேயே எரிச்சல் வந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. துணி துவைக்கப் போய்விட்டேன்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "எந்த ஊரு காலேஜிடீ போட்டிருக்க?"

"பக்கத்துலதான். பஸ்ஸு தெருமொனைக்கே வரும்."

"ஏன்?"

"நீ தனியா இருப்பல்ல."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் கூட்டத்துலயா இருந்தேன்?"

"விடும்மா."

"என்னச் சாக்கு சொல்லாத. நான் உன்னக் கேட்டனா?" ரசத்தை ஊற்றினாள். பிறகு, "கம்பெனில ஒரு பொண்ணு புதுசா வந்துருக்கு. ஒடையாம எடுத்த முழுப் பருப்பையெல்லாம் கொண்டுபோய் குருணையில போடுது. ஏன்டீன்னு கேட்டா, எங்கயாச்சும் கீறல் இருந்து மேஸ்திரி திட்டுவாரோன்னு பயமாம்."

"அதுக்கு?"

"ஒன்னுமில்ல. சாப்புடு."

ஜூலை 28

பதினொன்றாம் வகுப்பில் திருச்சி போனது ஞாபகம் வந்தது. எழுதப் போவதில்லை.

ஜூலை 28, மாலை

எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறாள் சகாயராணி. எழுதாவிட்டால் அவளே இந்த நோட்டில் எழுதுவாளாம், அவள் கையெழுத்தில். அதற்கு இதுவே மேல்.

மூன்று மணிவாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து பூட்ட வேண்டியதுதான் பாக்கி. சகாயராணி, "உன் லிஸ்ட்டக் காட்டு. கிண்டின்னு எழுதியிருக்கறத ஒரு தடவ கண்ணால பாத்துக்கறேன்" என்றாள்.

"அதெல்லாம் ரகசியம்."

எல்லோருக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தது நான்தான். பெயரின் முதல் மூன்று எழுத்து, பிறந்த தேதி. என் பிறந்த தேதி அவளுக்குத் தெரியாதா? நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் திறந்துவிட்டாள். மேலேயும் கீழேயும் இழுத்துப் பார்த்தாள்.

"எங்கடீ ஆச?"

மவுஸைப் பிடுங்கப் பார்த்தேன்.

"மூணு வரிய எங்க வச்சிருக்க? அடியில தேடிட்டேன், காணும்."

"நான் யதார்த்தமா யோசிச்சுதான்..."

"போன வருசம் நம்ம கோட்டாவில கிண்டி சிவில் யாருக்குப் போச்சு?"

என்னைவிடக் குறைந்தவருக்கு. அவளுக்கு அது தெரியும். நான்தான் அவளுக்கே சொல்லியிருந்தேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் கணினிக்குப் போனாள், தன் பக்கத்தைத் திறந்தாள், முதல் வரியை அழித்தாள். திருச்சி. கரண்ட்டு. அடுத்தது இரண்டாவது வரி. பிறகு மூன்றாவது.

"ஏய்! என்னடீ பண்ற?"

"யதார்த்தமா இருக்கேன்."

"லூசு, திரும்பப் போடு!"

"177-க்கே ஆச கெடையாதாம். 148-க்கு எதுக்கு?" கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சட்டம் போட்டவ நீ. உனக்கில்லாத சட்டம் எனக்கு வேணாம்."

மணி நாலு பத்து. பர்வீன் மெதுவாக என் பக்கம் திரும்பி, "நானும் எடுத்துரவா கோத?" என்று கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். கை மவுஸின் மேல் இருந்தது.

அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போய்விட்டேன். நான் அழவில்லை. குழாய் உடைந்திருக்கிறது, தண்ணீர் முகத்தில் தெறிக்கும்.

சகாயராணி பின்னாலேயே வந்தாள். "சொல்லு."

"என்ன சொல்ல?"

"கெடைக்காதுன்னு பயமா?"

"கெடச்சிரும்டீ" என்றேன். "அதான் பயம்."

பிறகு திருச்சியைச் சொன்னேன். ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாதது. மாவட்டப் போட்டியில் ஜெயித்து அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பினார்களே, அது. திரும்பி வந்து, பஸ் லேட், மாடலை வைக்க முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேனே, அது. பஸ் லேட்டெல்லாம் இல்லை. பக்கத்து மேஜையில் ஒரு பெண், அழகான யூனிபார்ம், என்னிடம் எந்தப் பள்ளி என்று இங்கிலீஷில் கேட்டாள். சொன்னேன். அவள் "சாரி?" என்றாள். எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரியவில்லை. கேட்டுவிட்டாளே என்று "பரவால்ல" என்றேன். அவள் மறுபடி "சாரி?" என்றாள். நான் மறுபடி "பரவால்லங்க" என்றேன். மூன்றாவது தடவையும். அப்போதுதான் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காதில் விழவில்லை, திரும்பச் சொல் என்பதற்குத்தான் அந்த 'சாரி' என்று அங்கிருந்த ஒரு சார் தமிழில் விளக்கினார். அன்று முழுக்க என் மாடல் பக்கத்தில் நான் நிற்கவில்லை. பாத்ரூமுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"கிண்டில நாலு வருசமும் அதுதான்டீ" என்றேன். "எல்லாரும் சாரி சாரிம்பாங்க. ஏழரைல வந்தவம்பாங்க. இங்கன்னா நான்தான் ஃபர்ஸ்ட்டு. அங்க போயி நான் யாரு?"

சொல்லி முடித்ததும் அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொன்றுபோடலாம் போலிருந்தது.

"மூணு தடவையா? மூணு தடவையும் மன்னிச்சியா?" கண்ணைத் துடைத்தாள். "ஏன்டீ, அவளுங்க நின்னு சிரிச்சாளுங்கல்ல. அதுக்கு எவளாச்சும் சாரி கேட்டாளா?"

"இல்ல."

"கேட்டிருக்கணும்ல?"

"கேட்டிருக்கணும்."

"அப்பறம் என்ன? அவ கேக்க வேண்டியதுக்கு நீ முன்னாடியே பதில் சொல்லிட்ட. தப்பு எங்க இருக்கு?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றரை வருடம் நான் வயிற்றுக்குள் வைத்திருந்ததை இவள் ஒரு நிமிடத்தில் காமெடி ஆக்கிவிட்டாள்.

"இனிமே எவளாச்சும் உங்கிட்ட சாரின்னா, நீயும் சாரின்னு கேளு. யாரு மொதல்ல களைக்கறாங்கன்னு பாப்போம். எங்க, சொல்லு."

"சாரி."

"அது மன்னிப்பு. இழுத்துக் கேளு, சாரீ?"

"சாரீ?"

"ஆங். இப்ப வா, மணி நாலரை."

உள்ளே போனதும் மற்ற ஏழு பேரும் மும்முரமாகத் திரையைப் பார்ப்பது போல நடித்தார்கள். கைகழுவும் இடம் ஜன்னலுக்கு நேர் வெளியில்தான். ஒன்று விடாமல் கேட்டிருப்பார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பர்வீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

என் பக்கத்தைத் திறந்தேன். மஞ்சள் பஸ்ஸைக் கீழே தள்ளினேன். ஒன்றாம் இடத்தில் கிண்டி, சிவில். கல்லூரி எண்ணைத் தட்டும்போது இரண்டு தடவை தப்பாக விழுந்தது. சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. 4:41. 4:44. பின்னால் எட்டு பேரின் மூச்சு என் கழுத்தில். 4:47-க்குப் பதிவானது. பூட்டினேன்.

"உன்னுது!" என்று கத்தினேன். சகாயராணி பக்கத்து நாற்காலியில் குதித்தாள். மூன்று வரியையும் நானே தட்டினேன், அவள் தட்டினால் ஒரு மணிநேரம் ஆகும். 4:56.

"நாலு நிமிஷம் இருக்கு" என்றாள். "நடுவுல ஒரு டீ குடிச்சிருக்கலாம்."

அவளை அடித்தேன். நன்றாகவே.

ஜூலை 29

பத்து மணி. கிண்டி, சிவில். ஒன்றாம் வரி.

பர்வீனுக்கு இரண்டாம் வரி. அவள் எழுதிக்கொண்டு வந்த பட்டியல்படி விட்டிருந்தால் மஞ்சள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள், அதுவே பெரிசு என்று சந்தோஷப்பட்டிருப்பாள். இந்த மாதிரி ஊருக்கு எத்தனை பர்வீன் என்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

சகாயராணிக்குத் திருச்சி கிடைக்கவில்லை. மூன்றாம் வரி கிடைத்தது. கரண்ட்டுதான். அழித்தாளே, அதே மூன்றாம் வரி. நான்கு நிமிடம் தவறியிருந்தால் என்று யோசித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "நீ போட்டுருவன்னு தெரியும்" என்கிறாள். எப்படித் தெரியும் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நிரஞ்சனுக்கு இந்தச் சுற்றில் ஒன்றும் வரவில்லை. முப்பது வரியும் ஆசை வரிசையாம். "அடுத்த ரவுண்டு ட்ரை பண்றோம்" என்று அவன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவன்மேல் இப்போது கோபமில்லை. அந்த வார்த்தைமேல் பொறாமை மட்டும் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "முழுப் பருப்பு" என்றாள். அவ்வளவுதான். புறங்கையால் கன்னத்தில் ரெண்டு தேய்.

ஆகஸ்ட் 2

பெட்டி வாங்கவில்லை. அப்பாவின் லாரிப் பெட்டியே போதும். டீசல் வாடை போக மூன்று நாளாக வெயிலில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

சென்னை. சேர்க்கை வரிசை. பெரிய கட்டடம், சிவப்புக் கல். கழுத்து வலிக்கிற மாதிரி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கவில்லை, பட்டிக்காட்டாள் என்று நினைப்பார்கள். பிறகு பார்த்தேன்.

அம்மா கையை முந்தானைக்குள் வைத்தபடியே நின்றாள். நான் பிடித்து வெளியே எடுத்துவிட்டேன். உள்ளங்கையை. நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை, எண்ணெய் இல்லை, கருப்பு மட்டும்தான். சொரசொரவென்று இருந்தது. அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு பெண், ஒல்லியாக, கையில் துணிக்கடைப் பை நிறையச் சான்றிதழ். ரொம்ப நேரமாக என்னிடம் ஏதோ கேட்க வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். கடைசியில் கேட்டே விட்டாள். மேலே ஃபேன் சத்தம், ஒன்றும் விழவில்லை.

"சாரி?" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது, என்ன சொல்லிவிட்டேன் என்று.

அவள் முகம் ஒரு நொடி குழம்பியது. பிறகு அவசரமாக, "பரவால்லக்கா" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன், வேறு யாரும் கவனிக்கவில்லை. அம்மாவின் கையை விட்டுவிட்டு முழுதாக அவள் பக்கம் திரும்பினேன்.

"ஃபேன் சத்தத்துல காதுல விழல. இன்னொரு தடவ சொல்லும்மா."

"இல்லக்கா... நீங்களும் ஏழரையான்னு கேட்டேன்."

"ஆமா" என்றேன், வரிசையில் முன்னால் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "ஏழரைதான். பூங்கோத, சிவில். முன்னாடி வந்து நில்லு, அங்க நின்னா ஒன்னும் கேக்காது."